பரணிலிருந்து இறங்கிய பெட்டி

தலைநகரில் எங்கள் குடும்பம் மூன்று அரசுக் குடியிருப்புகள் மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் லாரியில் கடைசியாக ஏறுவதும், புதிய வீட்டில் முதலாவதாகப் பரணுக்குப் போவதும் ஒரே பெட்டிதான். பழுப்பு நிறத் துணி உறையிட்ட, தோற்பிடி வைத்த, ஒற்றைக் கையால் தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும் அளவுக்குக் கனமான பெட்டி. உள்ளே ஜெர்மனியில் செய்யப்பட்ட வால்வு டேப் ரிக்கார்டர். நாடாச் சுருள்களை இரு பக்கமும் தட்டுப் போல் வைத்து ஓட்டும் அந்தக் காலத்துக் கருவி.

மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று சங்கத்தார் கேட்டபோது, இலக்கியம் எழுதும் தகுதி எங்களுக்கு ஏது என்று முதலில் தயங்கினோம். பிறகு, சென்ற ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டை ஆட்டிப் படைத்த அந்தப் பெட்டியின் கதையையே எழுதலாமென்று துணிந்தோம். ‘நாங்கள்’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்களுள் ஒருவர் மத்திய அரசு அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தர், பி.ஏ. வரலாறு படித்தவர். மற்றொருவர் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவர். மூன்றாமவன் பதினோராம் வகுப்பு மாணவன். யார் திருப்புளியைப் பிடித்தார், யார் விளக்கைப் பிடித்தார், யார் தவறான கம்பியைக் கழற்றினார் என்று பிரித்துச் சொல்வது வீட்டின் அமைதிக்கு நல்லதன்று.

எங்கள் தந்தையார் 1964ஆம் ஆண்டில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய கீழ்நிலை எழுத்தர். 1971இல், ஊர் திரும்பவிருந்த ஒரு தூதரக ஊழியரிடமிருந்து இந்தக் கருவியை வாங்கினார். இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேற்பட்ட விலை. அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்து, அந்தக் கடனைப் பற்றி வீட்டில் மூச்சு விடாமல் பதினெட்டு மாதம் அடைத்தாராம். நாற்காலி வாங்காத வீட்டில் டேப் ரிக்கார்டர் வந்ததைப் பற்றி அம்மாவுக்கு இன்னும் ஒரு கருத்து உண்டு. அப்பா 2016இல் காலமான பிறகும் அந்தக் கருத்து மாறவில்லை.

1973ஆம் ஆண்டு எங்கள் மூத்த சகோதரி பிறந்தபோது, அப்பாவின் தாயார் திருவையாற்றுக்கு அருகிலுள்ள கிராமத்திலிருந்து வந்து நான்கு மாதம் தில்லியில் தங்கினார். எங்கள் பக்கத்தில் அப்பாவைப் பெற்றவளை அப்பாயி என்போம். அதற்கு முன்னும் பின்னும் அப்பாயி காவிரிக் கரையைத் தாண்டியதில்லை. 1977இல் அவர் மறைந்தார். எங்களுள் எவரும் அவரைப் பார்த்ததில்லை. புகைப்படம்கூட ஒன்றே ஒன்றுதான். அதிலும் முகம் பாதி நிழலில். ஆனால் பெட்டியோடு ஐந்து அங்குலச் சுருள் ஒன்று இருந்தது. அதன் அட்டை மேல் அப்பாவின் கையெழுத்தில் ‘அம்மா - 16.12.73’ என்றிருக்கும்.

அந்தச் சுருளைப் பற்றி எங்களுக்குத் தெரியாமலில்லை. என்றாவது ஒருநாள் என்று தள்ளிப்போட்டு வந்தோம். அரசு அலுவலகத்தில் பணி செய்பவர்களுக்குத் தள்ளிப்போடும் கலையை எவரும் கற்றுத் தர வேண்டியதில்லை. ஆனால் 2023ஆம் ஆண்டு இறுதியில் அம்மாவைக் காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கேட்கும் திறன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது, கருவி வைத்தாலும் ஓரளவுக்குத்தான் என்றார் அவர். வீடு திரும்பும் வழியில் அம்மா ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பின் சொன்னார்:

“ஏண்டா, மேல இருக்கற அந்தப் பொட்டிய எறக்குங்களேன். காது முழுசா அடைச்சுப் போறதுக்குள்ள அத்தை பேசறத ஒரு தடவ கேட்டுடறேன்.”

பெட்டியை இறக்கினோம்.

மூடியைத் திறந்ததும் பழைய ரப்பரும் தூசியும் சூடேறிய மெழுகும் கலந்த ஒரு வாசனை. உள்ளிருந்த பெல்ட் உருகித் தார் போல் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அதைத் துடைத்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கடையில் கிடைத்த வேறொரு பெல்ட்டைப் போட்டோம். சற்றுத் தளர்வாகத்தான் இருந்தது. ஓடினால் போதும் என்று விட்டுவிட்டோம். இந்தப் பெல்ட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீண்ட காலம் உறங்கிய வால்வுக் கருவியை நேராகச் சுவரில் செருகக் கூடாது என்பதில் ஆசிரியை உறுதியாக இருந்தார். நூறு வாட் பல்பு ஒன்றைத் தொடரில் கோத்து, அதன் வழியாக மின்சாரம் கொடுத்தோம். நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் ‘சீரீஸ் லாம்ப்’ என்று கையில் வைத்திருப்பார்களே, அதுதான். கருவிக்குள் எங்காவது நேர்ச்சுற்று இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்துடன் எரியும், கருவி தப்பிக்கும். எங்கள் பல்பு ஒரு கணம் சிவந்து மங்கியது. அரை நிமிடம் கழித்துக் கருவியின் முகப்பில் பச்சைக் கண் மெல்ல விழித்தது. அந்த ஒளியைக் கண்டதும் அம்மா, “அப்படியேதான் இருக்கு” என்றார்.

அதற்குப் பின்தான் உறுமல் கேட்டது.

மெக்கானிக்குகள் இதை ‘ஹம்’ என்பார்கள். தமிழில் என்ன சொல்வதென்று எங்களுக்குள் ஒரு விவாதமே நடந்தது. வண்டு முரலும், கடல் இமிழும். பழைய புலவர்கள் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் காலத்தில் மாறுமின்சாரம் இல்லை. ரீங்காரம் என்றால் இனிமையாகிவிடுகிறது. கடைசியில் உறுமல் என்றே வைத்துக்கொண்டோம். சுருளை ஏற்றி ஓட்டினால், அந்த உறுமலுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல் ஒரு பெண்குரல். சொல் ஒன்றும் பிடிபடவில்லை. அம்மா காதைப் பெட்டியருகே வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து, “அஞ்சு கட்டைக்குப் பக்கத்துல நிக்குது. ஒரு நூல் ஏத்தம்” என்றார்.

எதைச் சொல்கிறார் என்று முதலில் விளங்கவில்லை. திருமணத்துக்கு முன் அம்மா சில ஆண்டுகள் பாட்டுப் பயின்றவர். தில்லிக்கு வந்தபின் அது அடுக்களையோடு நின்றது. அவர் உறுமலுக்குச் சுருதி சொல்லியிருக்கிறார்! பையன் தன் கைபேசியில் அலைவு அளக்கும் செயலியை வைத்துப் பார்த்தான். உறுமல் நொடிக்கு 100 அலைவு என்று காட்டியது. ஐந்து கட்டைச் சட்சம் 196. அதன் கீழ்ஸ்தாயி 98. ஒரு நூல் ஏற்றம்தான். காது அடைத்துக்கொண்டு வருகிறது என்று மருத்துவர் சொன்ன அம்மாவுக்கு அது கேட்டிருக்கிறது.

இந்த நூறு என்ற எண்ணில்தான் நோயின் பாதி அடங்கியிருந்தது. ஆனால் அதை அறியாமல் நாங்கள் முதலில் ஒரு தவறு செய்தோம். நகரின் நடுவே உள்ள ஒரு பழுதுபார்க்கும் நிலையத்தில் பெட்டியைக் கொடுத்தோம். பெயர் வேண்டாம். மூன்று வாரம் வைத்திருந்து, “உதிரிப் பாகம் கிடைக்காது, வரவேற்பறையில் அழகுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிப் பார்வைக் கட்டணமும் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். திரும்பி வந்த பெட்டி முன்னினும் அதிகமாக உறுமியது. எங்கள் மனம் நொந்ததால் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்தோம். அது மனத்தின் வேலையன்று என்பது பிறகு தெரிந்தது.

செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டை இம்மலரைப் படிக்கும் தில்லி அன்பர்கள் அறிவார்கள். அங்கே மாடியில் ஒரு சிறு கடை. மகன் எல்.இ.டி. விளக்கு விற்கிறார். உள்ளே ஒரு மூலையில், பழைய வால்வு டப்பாக்களுக்கு நடுவே, எண்பதை நெருங்கும் சர்தார்ஜி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெட்டியை அவர் முன் வைத்தோம். அவர் அதைப் பழைய நண்பரைப் பார்ப்பது போல் பார்த்தார். ஆனால் தம் வலக்கையை நீட்டிக் காட்டினார்; விரல்கள் நடுங்கின. “பாபுஜி, இனி என்னால் பற்றவைக்க முடியாது. சொல்லித் தருகிறேன். நீங்களே செய்யுங்கள்” என்றார். ஆறு சனிக்கிழமைகள் அவரிடம் போனோம். ஒவ்வொரு முறையும் ஒரு படி சொல்லித் தருவார். அதைச் செய்துவிட்டுத்தான் அடுத்ததற்கு வர வேண்டும்.

டேப் ரிக்கார்டருக்கும் உறுமலுக்கும் ஏன் இவ்வளவு பொருத்தம் என்பதை முதல் சனிக்கிழமை விளக்கினார். நாடாவிலிருந்து ஹெட் எடுத்துத் தரும் மின்னழுத்தம் ஆயிரத்தில் ஒரு வோல்ட்டு என்ற அளவில் மிகச் சிறியது. அதிலும் தாழ்ந்த ஒலிகள் இன்னும் மெலிந்து வரும். ஆகவே கருவி தாழ்ந்த ஒலிகளை மட்டும் கூடுதலாக உயர்த்தித் தருமாறு அமைத்திருக்கிறார்கள். நம் வீட்டு மின்சாரத்தின் 50 அலைவோ சரியாக அந்தத் தாழ்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாட்டின் அடித்தளத்தைக் கைகொடுத்துத் தூக்கும்போது, அதன் காலைப் பிடித்துக்கொண்டு உறுமலும் ஏறி வந்துவிடுகிறது.

இரண்டாவது பாடம் கோப்பைத் தேடுவது போன்றது. அலுவலகத்தில் ஒரு கோப்பு காணாமற்போனால் நாங்கள் என்ன செய்வோம்? எந்த மேசை வரை வந்தது, எங்கிருந்து மேலே போகவில்லை என்று பதிவேட்டைப் பார்ப்போம். இங்கேயும் அதே வழிதான். ஒலிக் குமிழை முழுவதும் குறைத்துவிட வேண்டும். உறுமல் போய்விட்டால் அது குமிழுக்கு முந்திய மேசையில் சேர்ந்தது: ஹெட், முதல் வால்வு, அவற்றின் கம்பிகள். குமிழைக் குறைத்தும் உறுமல் அசையாமல் நின்றால் அது பிந்திய மேசையில்: கடைசி வால்வு, அல்லது எல்லோருக்கும் படியளக்கும் மின்வழங்கிப் பகுதி. எங்கள் பெட்டியில் குமிழைக் குறைத்தபோது உறுமல் சிறிது குறைந்தது, பெரும்பகுதி நின்றது. இரண்டு குற்றவாளிகள் என்று சர்தார்ஜி உடனே சொல்லிவிட்டார். குமிழுக்குக் கட்டுப்படாத பகுதியின் அலைவு 100 என்றதும், அவர் பெட்டியைத் திறவாமலே காரணத்தையும் சொன்னார்.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் அசைவது. வால்வுகளுக்கு ஒரே திசையில் செல்லும் மின்சாரம் வேண்டும். செலினியத் தகடுகளால் ஆன ரெக்டிஃபையர் அதன் இரண்டு பாதிகளையும் ஒரே பக்கமாகத் திருப்புகிறது. அப்போது ஐம்பது நூறாகிறது. ஆனால் அந்த மின்சாரம் சமவெளியாக இராது. நொடிக்கு நூறு மேடு, நூறு பள்ளம். மேட்டில் நீரைச் சேர்த்துப் பள்ளத்தில் விடும் ஏரி போல் அதைச் சமன் செய்வது பெரிய ஃபில்டர் கண்டென்சர். ஐம்பது அறுபது ஆண்டுகளில் அதனுள்ளிருக்கும் ஈரம் வற்றிவிடும். ஏரி தூர்ந்தால் வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வயலுக்கு வரத்தானே செய்யும்? தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

எங்கள் பெட்டியில் இருந்தது ஒரே அலுமினியக் குப்பிக்குள் ஐம்பதும் ஐம்பதுமாக இரு கண்டென்சர். இப்போது அப்படிப்பட்டது எளிதில் கிடைப்பதில்லை. 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட்டு தாங்கும் தனித்தனியான இரண்டைக் கொடுத்தார். இரண்டும் சேர்ந்து ஒருவர் மதியச் சாப்பாட்டு விலைகூட ஆகவில்லை. “பெரிதாகப் போட்டால் இன்னும் நல்லதல்லவா?” என்று கேட்டோம். அவர் சிரித்தார். முதல் கண்டென்சரைப் பெரிதாக்கினால், மின்சாரம் போட்ட கணத்தில் அது இழுக்கும் இழுப்பு பழைய ரெக்டிஃபையரைக் கொன்றுவிடும். எவ்வளவு இருந்ததோ அவ்வளவே.

இதே வேலையைச் செய்ய நினைக்கும் அன்பர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து நீங்கியது என்று எண்ணக் கூடாது. அந்தக் கண்டென்சர்களில் இருநூற்றைம்பது வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். மனிதரைக் கொல்ல அது போதும். ஒரு மின்தடை வழியாக அதை வடித்து, மல்டிமீட்டரில் சுழியம் காட்டிய பிறகே கை வைத்தோம். மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால் இடக்கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது சர்தார்ஜியின் கட்டளை. எங்கள் வீட்டில் ஒருவர் அளக்கும்போது மற்றவர் அவருடைய இடக்கையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வது வழக்கமாயிற்று. பதினெட்டு ஆண்டு இல்லறத்தில் அவ்வளவு நேரம் நாங்கள் கைகோத்து நின்றதில்லை.

பழைய குப்பியை எடுக்கவில்லை. இணைப்பை மட்டும் வெட்டிவிட்டு, புதியவற்றை அதன் காலடியில் பொருத்தினோம். கூடவே மெழுகுக் காகிதக் கண்டென்சர்களையும் மாற்றினோம். அவற்றுள் ஒன்று, கடைசி வால்வின் கிரிட்டுக்குப் போகும் வழியில் இருப்பது, கசிந்துகொண்டிருந்தது. நேர்மின்னழுத்தமே இருக்கக் கூடாத இடத்தில் மீட்டர் நான்கு வோல்ட்டு காட்டியது. அப்படிக் கசிந்தால் அந்த வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் குடிக்கும், மின்வழங்கி திணறும், உறுமலும் ஏறும்.

அன்றிரவு மீண்டும் பச்சைக் கண் விழித்தது. குமிழைக் குறைத்தோம். நிசப்தம். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் தெளிவாகக் கேட்டது. அம்மாவுக்குக்கூட அந்த மாற்றம் தெரிந்தது. “சுருதிப் பொட்டிய மூடிட்டீங்களா?” என்றார்.

ஆனால் குமிழை உயர்த்தினால் வேறோர் உறுமல். இது இன்னும் தாழ்ந்தது, 50 அலைவு. முந்திய மேசைக் குற்றவாளி. அடுத்த சனிக்கிழமை பெட்டியையே தூக்கிச் சென்றோம். சர்தார்ஜி குனிந்து பார்த்தார். விரலால் முதல் வால்வைத் தொட்டார். இ.எஃப். 86 என்ற அந்த வால்வு, மெல்லிய ஒலிகளைப் பெருக்குவதற்கென்றே, உறுமல் குறைவாக இருக்கும்படி உட்கம்பியை முறுக்கிச் செய்யப்பட்டது. “இதன் சட்டை எங்கே?” என்று கேட்டார். அதன் அடியில் உறை மாட்டும் வளையம் இருந்தது, உறை இல்லை. வெளி மின்புலம் அண்டாதபடி வால்வைச் சுற்றி நிற்க வேண்டிய உலோக உறை, அந்த மூன்று வாரத்தில் எங்கோ ஒரு மேசை இழுப்பறையில் தங்கிவிட்டது. திரும்பப் போய்க் கேட்டோம். அப்படி ஒன்று இருந்ததே இல்லையென்றார்கள். எழுத்துமூலமாக ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அரசாங்க எழுத்தர் ஒருவர் பெட்டியைக் கொடுத்தார் என்பதை அலுவலகத்தில் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

காப்பிப் பொடி டின்னின் தகட்டை வெட்டி, பென்சிலைச் சுற்றுவது போல் வளைத்து, ஓர் உறை செய்தான் பையன். அதைக் கருவியின் உலோகச் சட்டத்தோடு கம்பியால் இணைத்தோம். இணைக்காவிட்டால் உறையால் பயனில்லை. ஐம்பது பாதியாகக் குறைந்தது. மீதிக்கு, கருவியின் உள்ளே ஒரு சிறு திருகு இருந்தது. வால்வின் இழைகளைச் சூடாக்கும் மின்சாரத்தின் இரு முனைகளையும் தராசு போல் சமன் செய்வது. ஜெர்மானியர் அதற்கு ‘என்ட்புரும்மர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உறுமல் நீக்கி என்று பொருள். எங்களைப் போல் அவர்கள் பெயர் தேடித் திண்டாடவில்லை. திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினோம். உறுமல் தேய்ந்து, ஓரிடத்தில் மிகச் சிறுத்து, அதைத் தாண்டினால் மீண்டும் வளர்ந்தது. சிறுத்த இடத்தில் நிறுத்தினோம்.

இனிச் சுருளை ஓட்டலாம் என்று அம்மாவை அழைத்து உட்கார வைத்தோம். பூனாவிலிருந்து அக்காவும் கைபேசியில் காத்திருந்தார். விசையை அழுத்தினோம்.

மீண்டும் உறுமல்.

அந்த இரவு எங்களுக்கு வந்த சோர்வைச் சொல்லி முடியாது. அப்பாயியின் குரல் இப்போது கேட்டது. சொற்கள்கூடப் புரிந்தன. ஆனால் அதனடியில் ஐம்பது அலைவு நின்றது. நின்றது மட்டுமன்று, நோயாளியின் மூச்சைப் போல் ஏறி ஏறி இறங்கியது. மோட்டாரைச் சந்தேகித்தோம். நாடா இல்லாமல் மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்தால் உறுமல் கூடவில்லை. சுருளை மாட்டினால் கூடுகிறது. பதினோராவது நிமிடத்தில் விடை கிடைத்தது. அதைச் சொன்னவர் அப்பாயி.

“ஏண்டா, இந்தப் பொட்டி மேல எதுக்கு இத வச்சிருக்கே? சூடா அடிக்குதே. அந்தாண்ட வைடா” என்கிறார் அவர். ஏதோ உராயும் ஓசை. பாத்திரம் ஒன்று நகர்கிறது. அந்தக் கணத்தில் உறுமல் அறவே நின்றுவிடுகிறது.

அம்மாவுக்கு நினைவு வந்தது. மைக்கைக் கண்டால் அத்தை பேசமாட்டார் என்று, அதைத் துண்டில் மறைத்து, கருவியின் மேலேயே அப்பா வைத்தாராம். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், மேலே கம்பிச் சுருள் கொண்ட மைக். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் நேராக மைக்குக்குள் ஏறி, பேச்சோடு நாடாவில் பதிந்துவிட்டது. கருவியின் உறுமல்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொலைத்த பின், எஞ்சியிருந்தது 1973ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமையின் உறுமல். அதற்கு எந்தக் கண்டென்சரும் மருந்தன்று.

ஆனால் அம்மாவின் முகம் தெளியவில்லை. “அத்தைதான். ஆனா அத்தை கொரல் இவ்வளவு தடிச்சிருக்காது. சளி பிடிச்ச மாதிரி பேசறாங்க” என்றார். எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஐம்பது ஆண்டு நினைவு எதை எப்படி மாற்றி வைத்திருக்கும் என்று யார் கண்டார்? அன்று அப்படியே படுத்தோம்.

நடுநிசியில் ஆசிரியை எழுந்து விளக்கைப் போட்டார். அந்த ஏற்றவிறக்கம்! ஏறக்குறைய ஒரே அலைவுள்ள இரண்டு ஒலிகள் ஒன்றாக ஒலித்தால் அவை கூடியும் குறைந்தும் கேட்கும். தமிழ்ப் பாடநூலில் அதற்கு விம்மல் என்று பெயர். கருவியில் இன்னும் சிறிதளவு எஞ்சியுள்ள உறுமல் சரியாக 50. நாடாவிலிருந்து வருவதும் 50ஆகவே இருந்தால் விம்மல் இராது. விம்முகிறது என்றால் நாடா அன்று ஓடிய வேகத்தில் இன்று ஓடவில்லை. கடிகாரத்தை வைத்து எண்ணினோம்: இரண்டு நொடிக்கு மூன்று விம்மல். அதாவது 50க்குப் பதில் 48½. நூற்றுக்கு மூன்று பங்கு மெதுவாக. கிட்டத்தட்ட அரைக் கட்டையில் பாதி. அம்மாவின் காது சொன்னது சரி. அப்பாயிக்குச் சளி பிடிக்கவில்லை.

ஐம்பது ஆண்டுக்கு முந்தைய மின்சாரம் சரியாக 50 அலைவுதானா என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. அந்நாளில் அது ஏறியிறங்கியிருக்கலாம். ஆனால் நாடாவை ஓட்டிய மோட்டாரும் அதே மின்சாரத்தில் சுழன்றதுதான். மின்சாரம் தளர்ந்தால் நாடாவும் தளர்ந்து ஓடியிருக்கும். ஆகவே நாடாவில் ஓர் அலையின் நீளம் மாறியிராது. மின்சாரத்தால் வராத வேறுபாடு இடையிலுள்ள வழுக்கலால்தான் வர வேண்டும். தளர்ந்த பெல்ட்! ஓடினால் போதும் என்று நாங்கள் விட்டுவிட்ட அதே பெல்ட்.

சர்தார்ஜியின் சொற்படி, பெல்ட் போகும் பாதையை நூலால் அளந்து, அதில் பத்தில் ஒரு பங்கு குறைந்த சுற்றளவுள்ள பெல்ட்டைத் தேடி வாங்கினோம். பளபளத்து இறுகியிருந்த ரப்பர் சக்கரத்தை நுண்ணிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து ஸ்பிரிட்டால் துடைத்தோம். காய்ந்த எண்ணெய் பிசினாகியிருந்த அச்சில், பழையதை எடுத்துவிட்டுத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டோம். பின்பு விம்மலை எண்ணினோம். ஐந்து நொடிக்கு ஒன்று. சக்கரத்தை மறுபடி துடைத்தோம். பத்து நொடிக்கு ஒன்று. அதற்குப் பின் எண்ண முடியவில்லை. உறுமல் ஒரே மட்டமாக, அலையில்லாத குளம் போல் நின்றது.

சிவராத்திரிக்கு மறுநாள் மாலை அம்மாவை மீண்டும் உட்கார வைத்தோம்.

“இது நான் பேசறதத் திருப்பிச் சொல்லுமாடா?” என்று தொடங்குகிறார் அப்பாயி. அப்பாவின் சிரிப்பு. முப்பத்து மூன்று வயது அப்பா. பம்பு ஸ்டவ்வின் இரைச்சல். தில்லிக் குளிரைப் பற்றி அப்பாயி முறையிடுகிறார். தண்ணீர் கையை வெட்டுகிறதாம். பிறகு குழந்தை அழுகிறது. அக்கா! கைபேசியில் காத்திருந்த ஐம்பது வயது அக்கா தம் அழுகையைத் தாமே கேட்டுப் பேச்சற்றுப் போனார். அப்பாயி தாலாட்டுகிறார். தாலாட்டில் மாமன் கொண்டுவரும் சீரைப் பாடுவது நம் பக்க வழக்கம். இவரோ மாமனுக்கு இரண்டடி கொடுத்துவிட்டு, தம் மகள் கொண்டுவரப்போகும் அத்தை சீரையே நெடுகப் பாடுகிறார். பின்னாலிருந்து ஓர் இளம்பெண் குரல், “ஏன் அத்தை, எங்க அண்ணன் என்ன கொறச்சலாவா செய்வாரு?” என்கிறது. அது இருபத்து நான்கு வயது அம்மா.

அம்மா கையைத் தட்டிச் சிரித்தார். “ஆமா, கேட்டேன்! இப்பத்தான் அத்தை கொரல். இப்படித்தான் இழுப்பாங்க.”

ஒரு பக்கம் முப்பத்திரண்டு நிமிடம். அது முடியுமுன் மூன்று முறை நிறுத்தச் சொன்னார். கணினியில் பதிந்தாயிற்று, இனி எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்றோம். அவருக்கு அது வேண்டியதில்லை. சுருள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும். கணினியில் அந்த 50 அலைவை மட்டும் வடிகட்டி எடுத்துவிடலாம் என்றான் பையன். எடுத்தும் காட்டினான். உறுமல் போயிற்று, பம்பு ஸ்டவ்வின் அடிநாதமும் கூடவே சற்று மெலிந்தது. இரண்டு பிரதிகளையும் வைத்திருக்கிறோம்.

சுருளின் மறுபக்கம் இன்னும் ஓடவில்லை. அதில் என்ன இருக்கிறதென்று அம்மாவுக்கு நினைவில்லை, அட்டையிலும் குறிப்பில்லை. நாடா ஓரிடத்தில் ஒட்டுப் போட்ட இடம் விட்டிருக்கிறது. புதிய ஒட்டுநாடா வாங்க வரும் சனிக்கிழமை லாஜ்பத் ராய் மார்க்கெட் போக வேண்டும். சர்தார்ஜிக்கு அம்மா ஒரு டப்பா முறுக்கு சுற்றி வைத்திருக்கிறார்.